சுண்டை: வேலிக்குள் இருக்கும் வரை நல்லது

சுண்டைச் செடியைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிப் பேர் ‘எப்படி வளர்ப்பது’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘எப்படி ஒழிப்பது’ என்கிறார்கள். இரண்டு தரப்பும் கேட்பது ஒரே செடியைத்தான். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் சுண்டைக்கே ஒதுக்கிவிட்டோம்.

வேலியோரம் தானாக முளைத்த முள்செடி ஒன்று ஆள் உயரம் வந்துவிட்டது. வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய். இது சுண்டைதானா? பறித்துச் சமைக்கலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

சமைக்கும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள். முதலில் இலையின் அடிப்பக்கம். விரலால் தடவினால் மெத்தென்று இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால், அந்த ரோமம் ஒவ்வொன்றும் நட்சத்திரம் போலக் கிளைத்திருப்பது தெரியும். இளஞ்செடியில் இலையின் ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். செடி முற்ற முற்ற வெட்டுகள் மங்கி, ஓரம் லேசாக நெளிந்தது போல் ஆகிவிடும். ஒரே செடியில் இரண்டு வித இலையும் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

அடுத்து முள். தண்டிலும் இலைக்காம்பிலும் அங்கங்கே, அடி அகன்று, நுனி சற்றே வளைந்திருக்கும். சில நேரம் இலையின் நடுநரம்பிலும் ஒன்றிரண்டு நிற்கும். மூன்றாவது பூ. ஓரங்குல அகலம், ஐந்து இதழ், தூய வெள்ளை, நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் ஐந்தும் குவிந்து நிற்கும். நான்காவது, கொத்து கிளம்பும் இடம். சுண்டையில் பூங்கொத்து இரண்டு இலைகளுக்கு நடுவே தண்டின் பக்கவாட்டிலிருந்து வரும். காய் உருண்டையாக, ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்களவில் இருக்கும். பச்சை மாறிப் பழுத்தால் மஞ்சள்.

பூ ஊதா நிறமாக இருந்தால் அது சுண்டை இல்லை. தரையோடு படர்ந்து, நீளமான மஞ்சள் முள்ளும் வெள்ளை வரியோடிய காயும் இருந்தால் கண்டங்கத்திரி. கொடியாக ஏறி, சிவந்து பழுத்தால் தூதுவளை. நிமிர்ந்த முள்செடியில் ஊதாப் பூவும் ஆரஞ்சுப் பழமும் என்றால் முள்ளுக்கத்திரி.

அதிகம் ஏமாற்றுவது ஆனைச்சுண்டை. பூ வெள்ளை, பழம் மஞ்சள், காயும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் முள்ளே இருக்காது. இலை வெல்வெட் துணி போல முழுக்கச் சாம்பல் பூத்திருக்கும். கொத்து கிளையின் உச்சியில் நீண்ட காம்பில் நிற்கும். ‘முள்ளில்லாச் சுண்டை’ என்று நினைத்து அதைக் குழம்பில் போடாதீர்கள். முள் குறைந்த உண்மையான சுண்டைச் செடிகளும் உண்டு என்பதால், முள்ளை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கொத்தின் இடத்தையும் இலையையும் சேர்த்துப் பாருங்கள். நான்கும் பொருந்தினால் சமைக்கலாம்.

சுண்டை நம் ஊர்ச் செடி இல்லை என்கிறார்களே, உண்மையா?
– கல்லூரி மாணவர், திருச்சி

உண்மை. தாவரவியலில் இதன் பெயர் சொலானம் டார்வம். தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் அதை ஒட்டிய தென் அமெரிக்க வடபகுதியும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு போல இதுவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்து நம் சமையலில் ஊறிப்போனது. நாம் வற்றலாகத் தின்கிறோம். தாய்லாந்தில் பச்சைக் காயைக் கறிக் குழம்பில் முழுசாகப் போடுகிறார்கள். ஜமைக்காவில் உப்புக் கருவாட்டோடு சேர்த்து ஆக்குகிறார்கள். கானாவில் மசித்துச் சூப்பாக்குகிறார்கள். தின்னாத நாடுகளில், யாரும் பறிக்காததால், அது களையாகிவிட்டது. ஹவாய், புளோரிடா, குயின்ஸ்லாந்து, பிஜி உள்ளிட்ட பசிபிக் தீவுகள் எல்லாம் இதை விரட்டப் பார்க்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாலையோரங்களிலும் மண் சரிந்த இடங்களிலும் நிற்பதும் இதுவேதான்.

இரண்டு முறை விதை போட்டும் முளைக்கவில்லை. கடையில் வாங்கிய காயிலிருந்துதான் விதை எடுத்தேன். வீட்டுக்குள் நிழலில் பத்திரமாக வைத்திருந்தேன்.
– வாசகர், மதுரை

மூன்று தடங்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

கடையில் விற்பது சமையலுக்கான பிஞ்சும் இளங்காயும். அதனுள் இருக்கும் விதை முற்றியிருக்காது. செடியிலேயே நன்றாக மஞ்சளாகி, தொட்டால் நெகிழும் பழம் வேண்டும். பழத்தை நசுக்கி, கொஞ்சம் தண்ணீரில் ஒரு நாள் புளிக்க விட்டுக் கசக்கிக் கழுவுங்கள். மிதப்பதை ஊற்றிவிட்டு, அடியில் தங்கும் தட்டையான பழுப்பு விதையை நிழலில் உலர்த்துங்கள். ஒரு பழத்திலேயே நூற்றுக்கணக்கில் கிடைக்கும், ஆகவே நான்கைந்து பழம் போதும்.

இரண்டாவது, சுண்டை விதைக்கு உறக்கம் உண்டு, அதாவது உயிரோடு இருந்தும் சில காலம் முளைக்காமல் கிடக்கும். புதிதாக எடுத்த விதையில் அது அதிகம். சில மாதம் காகித உறையில் வைத்திருந்து விதைப்பது நல்லது. அவசரமென்றால் நாற்றுப் பண்ணைக்காரர்கள் செய்வது போல ஜிப்ரெல்லிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை லிட்டருக்கு அரை கிராம் கலந்த தண்ணீரில் 24 மணி நேரம் ஊற வைக்கலாம். அந்தத் தூள் தண்ணீரில் நேரே கரையாது. சில சொட்டு எரிசாராயத்தில் முதலில் கரைத்துவிட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பவர்கள் அதிகம்.

மூன்றாவதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம் என்று நினைக்கிறோம். சுண்டை விதை வெளிச்சத்தையும், பகல் சூடு இரவுக் குளிர்ச்சி என்ற ஏற்ற இறக்கத்தையும் எதிர்பார்க்கிறது. பகலில் 30 டிகிரி, இரவில் 20 டிகிரி என்று மாறும் காலத்தில் நன்றாக முளைக்கும். வீட்டுக்குள் இரவும் பகலும் ஒரே வெப்பம். விதைக்கு அது போதவில்லை. விதைத் தட்டை வெளியே, காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். சமவெளியில் தை, மாசி மாதங்கள் தோதானவை. விதையை ஆழமாகப் புதைக்காமல் மேலே தூவி, சலித்த மண்ணை மெல்லிய போர்வையாக மட்டும் இடுங்கள். பூவாளியால் ஊற்றினால் விதை ஓடிவிடும், தெளிப்பான்தான் சரி. எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரே நாளில் முளைக்காது. இரண்டு வாரத்தில் ஒன்றிரண்டு, நான்கு வாரத்தில் மிச்சம் என்று தவணை முறையில் வரும்.

ஒரு செடி மட்டும் போதுமென்றால் விதையே வேண்டாம். விரல் பருமனுள்ள, பாதி முற்றிய தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டி, மேலே இரண்டு இலையை மட்டும் பாதியாகக் கத்தரித்து விட்டு, ஈர மணலில் இரண்டு கணு புதையும்படி நிழலில் ஊன்றுங்கள். நான்கைந்து வாரத்தில் வேர் விடும்.

மாடியில் தொட்டியில் சுண்டை வளருமா? என்ன மண், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உரம்?
– வாசகி, சென்னை

வளரும். ஆனால் சின்னத் தொட்டியில் அல்ல. தரையில் இது இரண்டு மூன்று மீட்டர் தாராளமாகப் போகும் செடி. குறைந்தது ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் வேண்டும். இரண்டடிப் பை இன்னும் நல்லது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் அல்லது கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. அடியில் துளை அடைபடாமல் இருக்கட்டும். வறட்சியைத் தாங்கும் செடி, தண்ணீர் தேங்கினால் மட்டும் சோர்ந்துவிடும்.

வெயில் முழு நாளும் கிடைத்தால் நல்லது. ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் இலை பெரிதாகும், பூ குறையும். தரையில் வேர் பிடித்த செடிக்கு வாரம் ஒரு தண்ணீர் போதும், கோடையில் இரண்டு. தொட்டிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. மேல் மண்ணில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் தினமும் தேவைப்படும்.

உரத்தில்தான் எல்லோரும் அளவு மீறுகிறார்கள். மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். பூக்கத் தொடங்கியதும் இரு வாரத்துக்கு ஒருமுறை, 200 கிராம் கடலைப் புண்ணாக்கைப் பத்து லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்துத் தெளிந்த நீரைச் செடிக்கு ஒரு லிட்டர் விடலாம். இதற்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் இலை முறம் போல் விரியும், காய் வராது, சாறு உறிஞ்சும் பூச்சியும் தேடி வரும்.

நிலத்தில் நடுவோர் ஒன்றரை அடிக் குழி எடுத்து, ஐந்து கிலோ தொழு உரமும் 200 கிராம் வேப்பம் புண்ணாக்கும் போட்டு, செடிக்குச் செடி ஆறு முதல் எட்டு அடி விடுங்கள். நெருக்கி நட்டால் முள்ளுக்குள் கை விட முடியாது. பறிக்காத காய் பழுக்கும், பழத்தைப் பறவை கொண்டுபோகும். சுண்டை பக்கத்துத் தோட்டத்துக்குப் போவது இப்படித்தான்.

நட்ட ஐந்தாறு மாதத்தில் முதல் பறிப்பு. பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை பறிக்கலாம். ஆண்டுக்கு ஒரு தடவை, காய்ப்பு ஓய்ந்ததும், தரையிலிருந்து இரண்டடி விட்டு எல்லாக் கிளையையும் வெட்டிவிடுங்கள். புதுக் கிளையில்தான் பெரிய கொத்து வரும். வெட்டாத செடி மேலே மேலே போய், ஏணி வைத்துப் பறிக்க வேண்டியதாகிவிடும்.

கொத்துக்கு அறுபது எழுபது பூ வருகிறது. பத்து காய்கூட நிற்பதில்லை. சத்துக் குறைவா?
– வாசகர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் இல்லை. ஒரு கொத்தை ஒடித்து வைத்து ஒவ்வொரு பூவாகப் பாருங்கள். சில பூக்களில் மகரந்தப் பைகளின் நடுவிலிருந்து பச்சை நிறச் சூல்தண்டு நீண்டு வெளியே தெரியும். சிலவற்றில் அது குட்டையாகி உள்ளேயே ஒளிந்திருக்கும். குட்டைத் தண்டுப் பூ ஆண் பூ போலத்தான். மகரந்தம் தரும், காய்க்காது. கொத்தின் அடியில் நீண்ட தண்டுப் பூவும், நுனிப் பக்கம் குட்டைத் தண்டுப் பூவும் அதிகம் இருப்பது இந்தச் செடியின் இயல்பு. அவை உதிர்ந்தே தீரும்.

நீண்ட தண்டுப் பூவும் உதிர்ந்தால் மகரந்தச் சேர்க்கையைக் கவனியுங்கள். சுண்டையின் மகரந்தப் பை பக்கவாட்டில் வெடிக்காது. உச்சியில் ஊசித்துளை போன்ற வாய் மட்டும் உண்டு. பூவைப் பிடித்து அதிர வைத்தால்தான் தூள் கொட்டும். கருவண்டும் நீல வரித் தேனீயும் இறக்கைத் தசையை ரீங்காரமாக அதிர்த்து அதைச் செய்கின்றன. கூட்டில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை கிடையாது. உயர்ந்த அடுக்குமாடிகளில் கருவண்டு வராமல் போகலாம். அங்கே காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் பூக்காம்பின் பின்புறம் விரலால் சுண்டி விடுங்கள், அல்லது மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தை இரண்டு நொடி ஒட்டிப் பிடியுங்கள். கருவண்டு குடியிருக்கும் காய்ந்த கட்டையையும் மூங்கிலையும் தோட்டத்தில் விட்டுவைப்பது நிலையான வழி.

இலை சல்லடையாகிவிட்டது. சிவப்பு வண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

முதுகில் 28 கரும்புள்ளியோடு, பளபளப்பில்லாமல் மங்கலான செம்பழுப்பாக இருந்தால் அது கத்தரியைத் தாக்கும் எபிலாக்னா வண்டு. இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள் நிமிர்த்தி வைத்தது போலக் கும்பலாக நிற்கும். மஞ்சள் புழுவின் உடம்பெங்கும் கிளைத்த முள் இருக்கும். முட்டையுள்ள இலையைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுவதே பாதி வேலையை முடித்துவிடும். மீதிக்கு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். பளபளப்பான, அசுவினியைத் தின்னும் பொறிவண்டை இதோடு சேர்த்துக் கொன்றுவிடாதீர்கள்.

இலை சிறுத்து, நுனியில் கொத்தாகக் கூடி, பூ வராமல் நின்றால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது, செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். பக்கத்தில் கத்தரி இருந்தால் அன்றைக்கே எடுங்கள்.

கத்தரி நட்டால் மூன்றாம் மாதம் திடீரென்று வாடிச் சாகிறது. பிடுங்கினால் வேரில் முடிச்சு. சுண்டையில் ஒட்டுக் கட்டினால் தப்பும் என்கிறார்கள். எப்படிச் செய்வது?
– விவசாயி, தர்மபுரி மாவட்டம்

சுண்டையின் பிடிவாதம் விவசாயிக்கு முழுதாகப் பயன்படும் இடம் இதுதான். பாக்டீரியா வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் சுண்டை வேர் பெருமளவு தாங்குகிறது. ஜப்பானில் கத்தரிக்கு இதை வேர்ச்செடியாக, அதாவது மேலே கத்தரியை ஒட்டுவதற்கான அடிச்செடியாக, வைப்பது வழக்கம். சுண்டை வேரில் நின்ற கத்தரியின் காயில் காட்மியம் என்ற நச்சு உலோகம் பாதிக்கும் மேல் குறைந்ததையும் அங்கே கண்டறிந்திருக்கிறார்கள். காயின் ருசி மாறாது, கசப்பும் ஏறாது.

முதலில் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். வாடிய செடியின் தண்டை அடியில் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளர் நீரில் தொங்க விடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். இழை இல்லாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம்.

சுண்டை நாற்று மந்தமாக வளரும். அதை முதலில் விதைத்து, மூன்று வாரம் கழித்துக் கத்தரியை விதையுங்கள். சுண்டைக்கு 45 முதல் 60 நாள், கத்தரிக்கு 30 நாள் ஆகும்போது இரண்டின் தண்டும் பேனா ரீஃபில் பருமனுக்கு வந்திருக்கும். பருமன் ஒத்துப்போவதுதான் முக்கியம், நாள் கணக்கு அதற்கு அடுத்ததுதான். முதல் நாள் மாலையே தண்ணீர் விட்டு நாற்றை நிமிர வையுங்கள். ஒட்டும்போது இலையில் ஈரம் இருக்கக் கூடாது.

சவர பிளேடால் சுண்டையை மண்ணிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் நேராக வெட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளவு கொடுங்கள். கத்தரி நுனியில் இரண்டு மூன்று இளம் இலையை மட்டும் விட்டு, அடியை இருபுறமும் சீவி ஆப்பு போலாக்குங்கள். பிளவில் செருகி, இரண்டின் தோலும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் சேரும்படி வைத்துச் சிலிக்கான் கிளிப் போடுங்கள். சீவியதற்கும் செருகியதற்கும் நடுவே நேரம் விடாதீர்கள். காய்ந்த வாய் ஒட்டாது. பத்துப் பதினைந்து செடிக்கு ஒருமுறை பிளேடைச் சாராயத்தில் துடையுங்கள்.

ஒட்டியதை உடனே பாலித்தீன் கூடாரத்துக்குள் வையுங்கள். உள்ளே 25 முதல் 30 டிகிரி வெப்பமும் 90 சதவீதம் ஈரப்பதமும் வேண்டும். தரையில் தண்ணீர் தேக்கி ஈரத்தைக் கொண்டு வாருங்கள், செடியின் மேல் தெளிக்காதீர்கள். ஒட்டுவாயில் ஒரு சொட்டு இறங்கினாலும் அழுகும். முதல் மூன்று நாள் கறுப்புத் துணி போட்டு இருட்டு. நான்காம் நாளிலிருந்து காலையும் மாலையும் சிறிது திறப்பு, எட்டாம் நாள் முழுத் திறப்பு. பிறகு நிழல்வலையில் ஒரு வாரம் வைத்துப் பழக்கி நடலாம். இரண்டாம் நாளே நுனி தொங்கினால் கூடாரத்தில் காற்று புகுகிறது. ஐந்தாம் நாள் கறுத்தால் ஈரம் வாயில் இறங்கியிருக்கிறது.

நடவில் இரண்டு தவறு வேண்டாம். ஒட்டுவாய் மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும். மண் அணைக்கும் பழக்கத்தில் அதை மூடிவிட்டால் கத்தரித் தண்டே வேர் விட்டு, மண்ணிலிருக்கும் பாக்டீரியாவை நேராகப் போய்த் தொடும். கட்டிய ஒட்டு வீண். அடுத்தது, ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் சுண்டைக் கிளையை வாரம் ஒருமுறை கிள்ள வேண்டும். முள்ளும் வெட்டுப்பட்ட இலையும் அதைக் காட்டிக் கொடுக்கும். ஒரு மாதம் விட்டால் கத்தரியை அமுக்கிவிட்டுச் சுண்டை எழுந்துவிடும்.

பயிர் முடிந்ததும் அடித்தண்டை நிலத்தில் விட்டு உழாதீர்கள். கத்தரி செத்தாலும் சுண்டை வேர் சாகாது. அடுத்த மழைக்கு வயல் முழுக்கச் சுண்டைப் புதர் நிற்கும். வேரோடு பிடுங்கிக் காய வைத்த பிறகே அடுத்த உழவு. தக்காளிக்குச் சுண்டை அவ்வளவு பொருந்தாது. அதற்கு வாடல் தாங்கும் கத்தரி ரகத்தையே வேர்ச்செடியாக வையுங்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்ட ஓரம் முழுக்கச் சுண்டை. ஆண்டுதோறும் ஆள் விட்டு வெட்டுகிறோம். குறைவதற்குப் பதில் கூடுகிறது.
– தோட்டக்காரர், ஏற்காடு

வெட்டுவதால்தான் கூடுகிறது. அடிக்கட்டையிலிருந்து நான்கைந்து தளிர் எழும்; பக்கவேரிலிருந்தும் தனிக் கன்று கிளம்பும். ஒரு தண்டு இருந்த இடம் புதராகிவிடும். போதாததற்கு, வெட்டும் காலம் பெரும்பாலும் பழம் நிற்கும் காலம். கீழே சிதறும் ஒவ்வொரு பழமும் நூற்றுக்கணக்கான விதை. மைனா, கொண்டைக்குருவி, வௌவால் எல்லாம் இந்தப் பழத்தைத் தின்று, உட்காரும் மரத்தடியில் எச்சமிடுகின்றன. உங்கள் நிழல் மரங்களின் கீழேயும் கம்பி வேலியின் அடியிலும் கன்று வரிசையாக இருந்தால் காரணம் அதுதான்.

முதல் வேலை பழக்கொத்தை அகற்றுவது. தோல் கையுறை, கத்தரிக்கோல், சாக்கு. மஞ்சளானதும் மஞ்சளாகப் போவதும் முதலில் சாக்குக்குள் போகட்டும். அதைக் குப்பைக் குழியில் கொட்டாதீர்கள்; மூடியுள்ள டிரம்மில் தண்ணீரில் மூழ்க வைத்து அழுக விடுங்கள், அல்லது காய வைத்து எரியுங்கள். பச்சைக் காயை விற்றாலே கூலியில் ஒரு பகுதி திரும்பும்.

பிறகு செடி. முழங்கால் உயரம் வரை உள்ளதை மழை பெய்து மண் இளகிய மறுநாள் கையாலேயே பிடுங்கலாம். அதற்கு மேற்பட்டதை இடுப்புயரத்தில் வெட்டி, மிச்சத் தண்டைப் பிடியாக வைத்துக் கடப்பாரையால் நெம்பி ஆணிவேரோடு எடுங்கள். பக்கவேரைக் கண்ணில் படும் வரை இழுத்து எடுத்து, வேர் வானம் பார்க்கும்படி பாறையிலோ கட்டையிலோ போட்டுக் காய விடுங்கள். ஈர மண்ணில் கிடக்கும் துண்டு மறுபடி துளிர்க்கும். சரிவான நிலத்தில் முழுப் பரப்பையும் ஒரே பருவத்தில் தோண்டக் கூடாது, மண் ஓடிவிடும். பட்டை பட்டையாக, மேலிருந்து கீழே வாருங்கள்.

ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் அடியோடு வெட்டிய உடனே அந்த வாயில் களைக்கொல்லி பூசுகிறார்கள். சில நிமிடம் தாமதித்தாலும் வாய் மூடிக்கொண்டு மருந்து உள்ளே போகாது. ஓடைக்கரையில் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், அங்கே கடப்பாரைதான்.

தோண்டிய இடத்தை வெறுமையாக விட்டால் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். சுண்டைக்குத் திறந்த வெயில் வேண்டும். அடர்ந்த நிழலில் கன்று பிழைக்காது. ஆகவே உடனே கொள்ளு, நரிப்பயறு போல ஏதாவது மூடுபயிரைத் தூவி, ஓரத்தில் மரக்கன்று நடுங்கள். முதல் ஆண்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து துளிரைப் பிடுங்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் ஒரு சுற்று. இந்தச் சுற்றுக்குக் கூலி ஒதுக்க முடியாவிட்டால் முதல் தோண்டலுக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

புளோரிடாவில் இருக்கிறேன். ஊரிலிருந்து சுண்டை விதை வரவழைத்துக் கொல்லையில் போடலாமா?
– வாசகி, அமெரிக்கா

வேண்டாம். அமெரிக்க மத்திய அரசின் தீங்குக் களைப் பட்டியலில் சுண்டை இருக்கிறது. அனுமதி இல்லாமல் செடியையோ விதையையோ நாட்டுக்குள் கொண்டுவருவதும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதும் சட்டப்படி குற்றம். புளோரிடாவின் வெப்பமும் மழையும் இதற்கு அப்படியே பொருந்தும். உறைபனி மட்டுமே அதை மடக்கும், அது அங்கே தென்பகுதியில் அரிது. தாய்லாந்து மளிகைக் கடைகளில் உறைய வைத்த காய் கிடைக்கும், குழம்புக்கு அது போதும்.

வற்றல் போட்டால் கறுத்து, இரண்டு மாதத்தில் பூசணம் பிடிக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

காயை நசுக்காமல் முழுசாகப் போட்டிருப்பீர்கள். தோல் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். ஒரு கிலோ காயைக் காம்பு நீக்கிக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் குழவியால் வாய் பிளக்கும் அளவுக்கு மட்டும் தட்டுங்கள். விதையில் ஒரு பகுதி வெளியேற, தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கசப்பும் குறையும், காய் கறுப்பதும் குறையும். ஒரு லிட்டர் புளித்த மோரில் 100 கிராம் கல்லுப்பு கரைத்து, மண் சட்டியிலோ பீங்கான் ஜாடியிலோ இரவு முழுக்க ஊற வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, புளிப்பு அதை அரிக்கும்.

காலையில் காயை மட்டும் வடித்துப் பாயில் காய வைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மோர் வற்றும் வரை மூன்று நாள் இப்படி. பிறகு நல்ல வெயிலில் நான்கைந்து நாள். கையில் அள்ளிக் குலுக்கினால் சலசலவென்று கூழாங்கல் சத்தம் வர வேண்டும், ஒன்றை உடைத்தால் மடங்காமல் முறிய வேண்டும். சூடு ஆறிய பின்னே ஜாடியில் அடையுங்கள். மேகம் கூடும் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். மாசி, பங்குனி வெயில் இதற்கென்றே வருவது.

அதிகம் சாப்பிட்டால் விஷமா? பழுத்ததைச் சாப்பிடலாமா?
– வாசகர், சேலம்

நம் ஊர் வழக்கப்படி, பச்சைக் காயை நசுக்கி அலசிச் சமைத்தோ வற்றலாக்கியோ அளவாகச் சாப்பிடுவதில் பயமில்லை. கத்தரிக் குடும்பத்துக்கே உரிய கசப்பு ஆல்கலாய்டுகள் இதிலும் உண்டு. சமைக்கும் சூட்டில் அவை முழுதாக அழிவதில்லை. ஜமைக்கா வழக்கப்படி சமைத்த சுண்டைக்காயைத் தின்ற சிலருக்கு வாந்தி, நாக்குழறல், நடை தள்ளாட்டம், பார்வை மங்கல் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்த்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே வழக்கத்தைவிட நாக்கைப் பிடிக்கும் கடுங்கசப்பு இருந்தால் அந்தத் தொகுதியையே கொட்டிவிடுங்கள். இலை, வேர், பழம் எதையும் வீட்டு மருந்தாகத் தின்ன வேண்டாம். மேலே சொன்ன அறிகுறி வந்தால் மிச்சக் காயையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எந்தச் செடி என்று மருத்துவர் பார்த்தால் சிகிச்சை எளிது.

எங்கள் சோளக்காட்டில் வெள்ளி நிற இலையும் ஊதாப் பூவுமாக ஒரு முள்செடி பரவுகிறது. சுண்டைக்குச் சொன்னபடி உழுது எடுக்கலாமா?
– விவசாயி, சூலூர்

உழவே கூடாது. நீங்கள் சொல்வது காட்டுக் கண்டங்கத்திரி. இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த களைதான், ஆனால் சுண்டையைவிடக் கெட்டி. வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே போகும், ஒரு சென்டிமீட்டர் துண்டு கிடந்தாலும் புதுச் செடியாகும். கலப்பை அதைத் துண்டாக்கி வயல் முழுக்க நட்டுக் கொடுக்கிறது. முளைத்த இடத்தைக் குச்சி நட்டு அடையாளம் செய்யுங்கள். காய் மஞ்சளாகும் முன் மேல்செடியை அறுத்து எடுங்கள். துளிர் நான்கைந்து இலை விடும்போதெல்லாம் திரும்ப அறுத்துவந்தால் வேரின் சேமிப்பு கரையும். அந்தத் திட்டில் ஓட்டிய கலப்பையையும் டிராக்டர் சக்கரத்தையும் கழுவாமல் அடுத்த வயலில் இறக்காதீர்கள். இந்தக் களையின் காயோடு சேர்த்து அறுத்த சோளத்தட்டையை மாட்டுக்குப் போடக் கூடாது. செடி மாட்டுக்கு நஞ்சு, விதை சாணத்தோடு எருக்குழிக்குப் போய், அங்கிருந்து எருவோடு காட்டுக்கே திரும்பும்.